தேரிக்காட்டு இலைகள்

சென்னையில் வேலை பார்க்கும் என் கொழுந்தனுக்கு, ஊரில் தரிசாகக் கிடக்கும் நிலத்தில் மரம் வைக்க ஆசை வந்திருக்கிறது. போனில் கேட்டார்: “மைனி, தண்ணி ஊத்த ஆள் கிடையாது. இலை பொடிசா இருக்கிற மரமா நாலஞ்சு சொல்லுங்க. பொடி இலைன்னா தண்ணி கம்மியாத்தான குடிக்கும்?”

தாவரவியல் டீச்சர் என்று தெரிந்துவிட்டால் ஊரில் பாதிப்பேர் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் காலங்காலமாக ஒரு பட்டியலை ஒப்பிக்க வைக்கிறோம்: வறண்ட நிலத் தாவரங்களுக்கு இலை சிறுத்திருக்கும் அல்லது முள்ளாகியிருக்கும், மேலே மெழுகு இருக்கும், ரோமம் இருக்கும், இலைத்துளைகள் (இலை காற்று வாங்கும் நுண்ணிய வாய்கள்) குழிக்குள் இருக்கும். எல்லாம் நீர் இழப்பைக் குறைக்க. ஐந்து மதிப்பெண். பிள்ளைகளும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழி தாண்டினால் தேரி தொடங்கிவிடும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவப்பு மணல் மேடுகள். மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சு, அந்தச் சிவப்பு அதனால் வருவது. எங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். தேரியில் அது ஓடாது, அப்படியே கீழே இறங்கிவிடும். அதனால்தான் மேலே பொசுக்கும் மணலும், பள்ளத்தில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையும் ஒரே காட்டில் இருக்கின்றன. அப்புறம் ஆனி ஆடியில் மேல்காற்று. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையை இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு இங்கே வரும் காற்று அது. மணலையே இடம் மாற்றிவிடும், இலையிலிருக்கும் ஈரத்தை விடுமா?

பாடப்புத்தகப் பட்டியலோடு இந்தக் காட்டுக்குள் நடந்தால் கொஞ்ச நேரத்திலேயே குழப்பம் வரும். உடை மரத்தின் சிற்றிலை அரிசி மணியைவிடச் சிறியது. சரி, பட்டியலோடு ஒத்துப்போகிறது. ஆனால் அதன் காலடியிலேயே எருக்கு, உள்ளங்கையை மூடும் அளவுக்கு இலையோடு நிற்கிறது. கொல்லா மரம் (முந்திரி) நடுக்கோடையிலும் அகலமான பச்சை இலைகளோடு இருக்கிறது. பனை ஓலையோ விரித்தால் ஒரு மீட்டருக்கும் மேல் போகும். ஒரே மண், ஒரே மழை, ஒரே வெயில். யார் சொன்னது வறண்ட நிலத்து இலை இப்படித்தான் இருக்குமென்று?

இலையின் சிக்கலே, அது வாயைத் திறக்காமல் சாப்பிட முடியாது, திறந்தால் ஈரம் போய்விடும் என்பதுதான். காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 420 பங்கு சொச்சம், அவ்வளவு அருகல். இலைக்குள்ளோ காற்றறைகள் ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கின்றன. ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதற்குள் நெல், உளுந்து போன்றவை சில நூறு மூலக்கூறு நீரை வெளியே விட்டுவிடுகின்றன. கம்பும் சோளமும் வேறு வகை ஒளிச்சேர்க்கையால் ஏறக்குறைய பாதியில் முடித்துக்கொள்கின்றன. கரிசல் காட்டில் அவை காலங்காலமாக விளைவதற்கு அது ஒரு காரணம்.

எவ்வளவு ஈரம் போகும் என்பதில் காற்றின் வறட்சிக்கு இருக்கும் அதே பங்கு இலையின் சூட்டுக்கும் உண்டு. 30 டிகிரியில் இருக்கும் இலை 40 டிகிரிக்குப் போனால் அதற்குள் இருக்கும் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். வெளியே காற்று மாறவே வேண்டாம். ஆகவே இலை தன்னைச் சூடாகாமல் பார்த்துக்கொள்வதும் தண்ணீர்க் கணக்குதான்.

இங்கேதான் உடை மரத்தின் பொடி இலை வருகிறது. எந்த இலையையும் ஒட்டி ஒரு மெல்லிய, அசையாத காற்றுப் படலம் இருக்கும். இலை அகலமாக இருந்தால் படலம் தடிக்கும், சிறியதாக இருந்தால் மெலியும். படலம் மெல்லிசாக இருந்தால் இலையின் சூடு உடனுக்குடன் காற்றுக்குப் போய்விடும். அதனால் உடை இலை, தண்ணீர் ஒரு சொட்டு செலவழிக்காமலே, காற்றின் சூட்டைவிட அதிகம் ஏறாமல் நிற்க முடியும். உச்சி வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு சும்மா இருந்தாலும் வெந்துபோகாது.

ஆனால் இதே மெல்லிய படலம் நீராவிக்கும் வழிவிடும். துளைகள் திறந்திருக்கும் நேரத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்குக் கணக்குப் பார்த்தால், பொடி இலையிலிருந்து ஈரம் தாராளமாகவே போகும். கொழுந்தன் கேட்ட கேள்விக்கு நேர்ப்பதில் இதுதான். பொடி இலை என்றால் தண்ணீர் இல்லாத நேரத்தைத் தாங்கும். குறைவாகக் குடிக்கும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

2017-ல் இயன் ரைட் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானியும் கூட்டாளிகளும் உலகெங்கும் இருந்து 7,670 தாவர இனங்களின் இலை அளவைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். வெயிலும் மழையும் சேர்ந்த இடத்தில் இலை பெரிது, வெயில் மட்டும் உள்ள இடத்தில் சிறிது. எதிர்பார்த்ததுதான். குளிர் நாடுகளில் இலையைச் சிறிதாக வைத்திருப்பது இரவு உறைபனி அபாயம் என்பதும் அதில் வந்தது. அந்தக் கவலை நமக்கு இல்லை.

எருக்கு எப்படிச் சமாளிக்கிறது? இலையைத் தடவிப் பாருங்கள், விரலில் வெள்ளையாக ஒட்டும். மெழுகும் நுண்ரோமமும். அந்த வெளிர் நிறம் வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் என்சீலியா என்ற புதர் ஒன்று உண்டு. அதன் ரோம இலைகளை 1970-களில் ஜிம் எலரிஞ்சர் என்பவர் அளந்து பார்த்தார். வறட்சி ஏற ஏற அந்தச் செடி இன்னும் அடர்த்தியான ரோமத்தோடு புது இலை விடுகிறது. ஒளியும் குறைவாகக் கிடைக்கும், ஆகவே உணவும் குறையும். ஆனாலும் வெந்து சாவதற்கு அது மேல்.

எனக்கு இந்தக் காட்டிலேயே பிடித்த செடி இதற்கெல்லாம் நேரெதிரானது. மணலில் படர்ந்து கிடக்கும் குமட்டிக் கொடி. தர்ப்பூசணிக்கு உறவு, காய் வாயில் வைக்க முடியாத கசப்பு. இலை மெல்லிசு, பிளவுபட்டது, ஒரு பட்டியலிலும் அடங்காது. ஒட்டோ லாங்கே என்ற ஜெர்மானியர் 1950-களில் மேற்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இலைகளின் சூட்டை அளந்தபோது, சில செடிகளின் இலை காற்றைவிடச் சூடாக இருந்தது. குமட்டியின் இலையோ காற்றைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் குளிர்ந்திருந்தது. இலையைக் கொடியிலிருந்து அறுத்தவுடன் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. அதாவது அது பாலைவனத்தின் நடுவில், உச்சி வெயிலில், துளைகளைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரை வாரி இறைத்துத் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது.

என் அண்ணன் ஏசி மெக்கானிக். அவரிடம் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி இருக்கிறது. (கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றியில் காட்டினார்களே, அது இதற்கு உதவாது. அது காய்ச்சலுக்கென்றே செய்தது.) அதை வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு போனோம். இலைக்கு மிக அருகில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து மணலின் சூடும் சேர்ந்து வந்துவிடும். கொடியில் இருந்த குமட்டி இலை மணலோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத குளிர்ச்சி. கிள்ளி அதே மணலில், அதே வெயிலில் பிடித்தபோது எண் மளமளவென்று ஏறியது. “டீச்சர், இதுக்கு ஏது இவ்வளவு தண்ணி?” என்று ஒரு பெண் கேட்டாள். அன்றைக்கு நான் காத்திருந்த கேள்வி அது. அடுத்த வேலை கொடியின் வேரைத் தேடித் தோண்டுவது. தோண்டத் தோண்ட அது போய்க்கொண்டே இருந்தது. மேலே காலை வைக்க முடியாத மணல், கொஞ்சம் கீழே போனால் கையில் ஒட்டும் ஈரம்.

இலையை மட்டும் பார்த்துத் தண்ணீர்க் கணக்குப் போடக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். இலை செலவுக் கணக்கு. வரவு வேரில் இருக்கிறது.

இந்தக் குமட்டியையும் பேரீச்சையையும் பக்கத்தில் வைத்து ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நல்ல ஒப்பீடு செய்தார்கள். துளைகளை முழுக்க மூடினாலும் மேல்தோல் வழியாகக் கொஞ்சம் ஈரம் கசியும். சூடு 50 டிகிரியை நெருங்கும்போது குமட்டியில் அந்தக் கசிவு நன்றாகக் கூடுகிறது. பேரீச்சையில் அவ்வளவாக அசையவில்லை. தாராளமாகச் செலவழிக்கும் செடிக்குக் கசிவு ஒரு பொருட்டில்லை, மாதக்கணக்கில் மூடிக்கொண்டு இருக்க வேண்டிய மரத்துக்கு மெழுகுதான் உயிர்.

பேரீச்சையைச் சொன்னதும் பனைக்கு வந்துவிடுவோம், இரண்டும் ஒரே குடும்பம். பனை ஓலையை விரலால் மடித்துப் பாருங்கள், எத்தனை நார். தண்ணீர் குறைந்தாலும் தொங்காது, சுருளாது, அந்த நார்க்கட்டே தாங்கிவிடும். வெட்டிப் பதப்படுத்தி எழுதி வைத்தால் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கிறது. இப்படி ஓர் இலையைக் கட்ட நிறையச் செலவாகும், அதனால் மரம் அதைச் சீக்கிரம் உதிர்க்காமல் நெடுநாள் வைத்து வேலை வாங்கும். முருங்கை இதற்கு அந்தப் பக்கம். மெல்லிசான, மலிவான இலை. சாயங்காலம் ஒடித்த முருங்கைக் கொப்பைத் துணியில் சுற்றி வைத்தால் காலையில் கீரை தானாக உதிர்ந்திருக்கும், ஆய வேண்டியதே இல்லை. கோடையில் தண்ணீர் கிடைக்காதபோது மரமும் அதைத்தான் செய்கிறது: சிற்றிலைகளைக் கழற்றி விட்டுவிட்டு நிற்கும். வேலியில் நிற்கும் கிளுவை இன்னும் மேலே போய், மழை பெய்யும் வரை மொட்டையாகவே இருந்துவிடும். இலையே இல்லாதவனிடம் எந்த வெயில் எதைப் பறிக்கும்?

வேம்புதான் எல்லோரையும் குழப்பும். மாசியில் இலையைக் கொட்டுகிறது. சரி, வறட்சிக்குப் பயந்து கொட்டுகிறது என்று நினைத்தால், பங்குனியில் வெயில் ஏறும்போதே செம்பு நிறத்தில் கொழுந்து விட்டு, சித்திரையில் குடை விரித்து நிற்கும். மழை வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஆசியாவின் பருவமழைக் காடுகளில் பல மரங்கள் இப்படித்தான் நடு வறட்சியில் தளிர்க்கின்றன, ஆராய்ச்சியாளர்களே இதை ஒரு புதிர் என்றுதான் எழுதினார்கள். பழைய இலை கசிவைக் கட்டுப்படுத்த முடியாமல் தளர்ந்திருக்கும். அதை உதிர்த்துவிட்டால் கிளைகள் மறுபடி ஈரம் ஏறி நிமிர்ந்துகொள்ளும். ஆழத்தில் வேருக்குத் தண்ணீர் எட்டுகிற மரத்துக்கு, வெயில் அதிகமுள்ள மாதங்களை வீணாக்காமல் இருப்பது லாபம். பனையும் அப்படித்தானே, ஊரே காய்ந்து கிடக்கும் மாதங்களில் கலயம் கலயமாகப் பதநீர் தருகிறது.

உடை மரத்தின்மேல் ஏறிக் கிடக்கும் பிரண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் சின்ன இலைகள் பகலில் எல்லாச் செடியும் போல வேலை செய்கின்றன, வறட்சி வந்தால் உதிர்ந்துவிடும். நாற்பட்டைத் தண்டோ இரவில் துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை அமிலமாகச் சேமித்துப் பகலில் மூடிக்கொண்டு பயன்படுத்துகிறது. கள்ளி, கற்றாழை எல்லாம் இந்த வழிதான். ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடுக்கு 50 முதல் 100 நீர் மூலக்கூறு போதும். வளர்ச்சி மெதுவாக இருக்கும், அவ்வளவுதான் விலை.

இந்த இரவு வேலையை முதலில் நாக்கால் கண்டுபிடித்துச் சொன்னவர் நம் ஊர்ப் பக்கம் வாழ்ந்த ஒருவர். பெஞ்சமின் ஹெய்ன், தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து தாவரவியலில் இறங்கியவர், 1819-ல் சென்னையில் இறந்தார். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். 1815-ல் அது அச்சில் வந்தது. என் வகுப்பில் மெல்ல விடுவதில்லை, அந்த இலையில் இதயத்துக்கு ஆகாத பொருட்கள் உண்டு. காலையில் பறித்ததையும் மாலையில் பறித்ததையும் தனித்தனியாக இடித்துப் பிழிந்து புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாளில் தொட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பட்டியலில் மிச்சம் இருப்பது குழிக்குள் இருக்கும் இலைத்துளை. அரளி இலையின் குறுக்குவெட்டைக் காட்டி, குழிக்குள் ரோமம், அதனால் ஈரம் தங்குகிறது என்று சொல்லித் தருகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், குழியால் மிச்சமாகும் தண்ணீர் சொற்பம் என்கிறார்கள். தடித்த இலையின் உள்பக்கம் வரை கார்பன் டை ஆக்சைடு சீக்கிரம் போய்ச்சேர அது ஒரு குறுக்குவழியாக இருக்கலாம் என்று ஆஸ்திரேலியாவில் 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. தேர்வில் பழைய விடைக்கே மதிப்பெண், ஆகவே பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லி, எதை எழுதவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொழுந்தனிடம் நான் எச்சரித்தது தைல மரத்தைப் பற்றி. இலையை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு நூறு: தோல் போலத் தடிப்பு, மெழுகு, உச்சி வெயில் முகத்தில் படாமல் விளிம்பைக் காட்டித் தொங்கும். ஆனால் கர்நாடகத்தில் ஆங்கிலேய நீரியல் நிபுணர் இயன் கால்டர் குழுவினர் அளந்தபோது, ஓர் இடத்தில் இளம் தைல மரங்கள் அந்தக் காலத்தில் பெய்த மழையைவிட அதிகமாகவே தண்ணீரைச் செலவழித்திருந்தன. வேர் புது ஆழத்துக்கு இறங்கி, மண்ணில் பல காலம் சேர்ந்திருந்த ஈரத்தை உறிஞ்சியிருந்தது. சீமைக் கருவேலமும் அந்த வகைதான், பொடி இலையோடு. அதன் நெருங்கிய இனம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். நீதிமன்றம் வரை போன மரத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

“அப்ப எதைத்தான் வைக்க?” என்றார். நிலத்தில் எத்தனை அடியில் ஈரம் என்று முதலில் ஒரு குழி தோண்டிப் பார்க்கச் சொன்னேன். வரப்பில் பனங்கொட்டை, வேலிக்குக் கிளுவை, நடுவில் வேம்பும் உடையும், மணலாக இருக்கும் மூலையில் கொல்லா. வேர் ஈரத்தை எட்டும் வரை, முதல் இரண்டு கோடையாவது, எந்த இலையாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றித்தான் ஆகவேண்டும். பனைக்கு மட்டும் அது வேண்டாம், கொட்டையிலிருந்து முளை முதலில் நேரே கீழேதான் இறங்கும், நாம் தோண்டித் தின்னும் கிழங்கே அந்த இறக்கம்தான். பதநீர் இறக்க எத்தனை வருசம் ஆகும் என்று கேட்டார். பதினைந்துக்கு மேல் என்றேன். “எனக்கு இப்பவே நாப்பத்தெட்டு மைனி” என்றார். ஓலைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம், வடலியிலேயே, அதாவது இளம் பனையிலேயே, வெட்டலாம் என்று சமாதானம் சொன்னேன்.

வீட்டில் செய்து பார்க்க ஆசையுள்ளவர்களுக்கு ஒரு வழி. வெயிலில் இருக்கும் கொப்பில் ஒரே அளவுள்ள தெளிவான பாலிதீன் பையைக் கட்டி, அரை மணி நேரம் கழித்து உள்ளே எவ்வளவு நீர் கோத்திருக்கிறது என்று பாருங்கள். வேம்பு, முருங்கை, எருக்கு, கற்றாழை நான்கிலும் ஒரே நேரத்தில் கட்டினால் நல்லது. முடிந்தால் மழைக்கு அடுத்த வாரம் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை. அதிக நேரம் விட்டால் பைக்குள் இலை வெந்துவிடும். எருக்கில் கட்டும்போது கொப்பை ஒடித்துவிடாதீர்கள். பால் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்ற வேலை பாருங்கள், கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் நன்றாக அலசிவிட்டு டாக்டரிடம் போகவேண்டியதுதான்.